சன்னல் பூப்பெட்டி

சன்னல் பூப்பெட்டி என்பது சன்னலின் வெளிப்புறத்தில் அல்லது அதன் அடிவிளிம்பில் பொருத்தி, மண் கலவை நிரப்பிப் பூச்செடிகள் வளர்க்கப் பயன்படும் நீண்ட பெட்டி ஆகும். இது மரம், சுடுமண், நெகிழி, இரும்புத் தகடு, சிமெண்ட் ஆகியவற்றால் செய்யப்படுகிறது. இக்கட்டுரை மரத்தாலான பெட்டியைத் தேர்ந்தெடுப்பது, அதில் செடி நடுவது ஆகியவற்றை விளக்குகிறது. திருவள்ளூர் மாவட்டம் திருத்தணி வட்டத்தில் உள்ள கே.ஜி.கண்டிகையும் அதன் சுற்று வட்டாரமும் எடுத்துக்காட்டாகக் கொள்ளப்பட்டுள்ளன.

சன்னல் பூப்பெட்டி பற்றிய நூல்கள் பெரும்பாலும் குளிர் நாடுகளில் எழுதப்பட்டவை. அவற்றில் கூறப்படும் சன்னல் திசை, பெட்டியின் ஆழம், மர வகை, செடி வகை ஆகிய நான்கும் தமிழகச் சமவெளிக்கு அப்படியே பொருந்துவதில்லை. குளிர் நாட்டுப் பெட்டிக்கு உறைபனி பகையாகும். இங்குள்ள பெட்டிக்கு வெயில், கரையான், தேங்கும் நீர் ஆகிய மூன்றும் பகையாகும். செடி வாழப் பெட்டியில் ஈரம் இருக்க வேண்டும். மரம் வாழ அதே ஈரம் அதில் தங்கக் கூடாது. இம்முரண்பாட்டைத் தீர்ப்பதே மரப் பெட்டி அமைப்பதன் அடிப்படை ஆகும்.

பெயர்

சன்னல் என்ற சொல் போர்த்துக்கேய மொழியின் ஜனேலா என்ற சொல்லிலிருந்து வந்தது. இலங்கைத் தமிழில் இது யன்னல் என வழங்குகிறது. சாளரம், பலகணி ஆகியவை இதற்கான பிற சொற்கள். எனவே இப்பெட்டியைச் சாளரப் பூப்பெட்டி என்றும் கூறலாம். பேச்சு வழக்கில் தொட்டி என்ற சொல்லே மரப் பெட்டிக்கும் பயன்படுகிறது.

வரலாறு

சன்னலில் செடி வளர்க்கும் வழக்கம் மிகப் பழமையானது. கி.பி. முதலாம் நூற்றாண்டில் வாழ்ந்த உரோமானிய எழுத்தாளர் மூத்த பிளினி, தமது இயற்கை வரலாறு என்னும் நூலின் 19ஆம் பகுதியில் இதைக் குறிப்பிடுகிறார். உரோம் நகரின் எளிய மக்கள் தம் சன்னல்களில் சிறு தோட்டங்களை வைத்திருந்தனர் என்றும், திருட்டுக்கு அஞ்சிச் சன்னல்களை அடைக்க நேர்ந்ததால் அக்காட்சி மறைந்தது என்றும் அவர் எழுதியுள்ளார்.

தென்னாப்பிரிக்காவைத் தாயகமாகக் கொண்ட பெலர்கோனியம் 17ஆம் நூற்றாண்டில் ஐரோப்பாவை அடைந்தது. செரேனியம் என்று பரவலாக அழைக்கப்படும் இச்செடி சிறிதளவு மண்ணிலும் வளரும். நீண்ட நாட்கள் பூக்கும். ஆல்ப்சு மலைப்பகுதி வீடுகளின் மரப் பெட்டிகளில் இன்று காணப்படும் சிவந்த பூக்களில் பெரும்பாலானவை இச்செடியினுடையவை. இங்கிலாந்தில் 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில், தோட்டம் அமைக்க நிலமில்லாத நகரத் தொழிலாளர்களிடையே சன்னல் தோட்டக் கலையைப் பரப்பும் முயற்சிகள் நடைபெற்றன.

தமிழகத்தின் பழைய வீடுகளில் சன்னல் பூப்பெட்டிக்கு இடம் இருக்கவில்லை. தெருவை நோக்கித் திண்ணை இருந்தது. சன்னல்கள் சிறியவையாகவும் கம்பி அல்லது மரச் சட்டம் இட்டவையாகவும் இருந்தன. வெளிச்சம் முற்றத்தின் வழியாக வந்தது. துளசி மாடத்திலும், பூச்செடிகள் வீட்டின் பின்புறக் கொல்லையிலும் வளர்ந்தன. காங்கிரீட் வீடுகளும் அடுக்குமாடிக் குடியிருப்புகளும் பெருகி, முற்றமும் கொல்லையும் மறைந்த பிறகே சன்னல், மாடி, பால்கனி ஆகியவை செடி வளர்க்கும் இடங்களாயின. தமிழக அரசு 2013–14ஆம் ஆண்டில் சென்னை, கோயம்புத்தூர் ஆகிய நகரங்களில் "நீங்களே செய்து பாருங்கள்" என்ற மாடித் தோட்டத் திட்டத்தைத் தொடங்கி, தென்னை நார்க்கழிவு அடைத்த பைகள், விதை முதலியவற்றை மானிய விலையில் வழங்கியது. அதன் நோக்கம் காய்கறி சாகுபடி எனினும், மண்ணுக்குப் பதிலாக எடை குறைந்த கலவையைப் பயன்படுத்தும் முறை பரவ அது உதவியது.

திருத்தணிப் பகுதியின் சூழல்

திருத்தணிப் பகுதி ஏறக்குறைய வடக்கு 13 பாகை அகலாங்கில், கடலிலிருந்து விலகி, சிறு குன்றுகளுக்கு இடையே ஆந்திர எல்லையை ஒட்டி அமைந்துள்ளது. கோடையில் வெப்பம் 40 பாகை செல்சியசைத் தாண்டும் நாட்கள் உண்டு. தமிழகத்தின் மிக வெப்பமான இடங்களுள் ஒன்றாகத் திருத்தணியின் பெயர் செய்திகளில் அடிக்கடி இடம்பெறுகிறது. அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை பெய்கிறது. சூலை முதல் செப்டம்பர் வரையிலும் ஓரளவு மழை உண்டு.

இப்பகுதியில் பூவுக்குத் தனி இடம் உண்டு. திருத்தணி முருகன் கோயிலின் ஆடிக்கிருத்திகை விழாவில் பக்தர்கள் மலர்க்காவடி எடுத்து வருகின்றனர். இந்திரன் இங்குள்ள சுனையில் கருங்குவளையை நட்டு, அதன் மலர்களால் முருகனை வழிபட்டதாகத் தல வரலாறு கூறுகிறது. வீடுகளிலும் பூ என்பது பார்ப்பதற்கு மட்டும் உரியதன்று. சாமி படத்துக்கு வைக்கவும் தலையில் சூடவும் நாள்தோறும் பறிக்கப்படுவது. ஐரோப்பியப் பெட்டி தெருவில் செல்வோர் காண அமைக்கப்படுகிறது. இங்கு அமைக்கும் பெட்டியோ வீட்டின் உள்ளிருந்து கை எட்டும் தொலைவில், கம்பிகளுக்கு இடையே பூப் பறிக்கவும் நீர் ஊற்றவும் வசதியாக இருக்க வேண்டும். கை எட்டாத பெட்டிக்கு நாள் தவறாமல் நீர் கிடைப்பதும் அரிது.

சன்னலின் திசை

வட ஐரோப்பிய நூல்கள் தெற்குச் சன்னலை வெயில் மிகுந்ததாகவும் வடக்குச் சன்னலை ஆண்டு முழுவதும் நிழலானதாகவும் கூறுகின்றன. அந்நாடுகளில் நண்பகல் சூரியன் எப்போதும் தெற்கு வானிலேயே இருப்பதே அதற்குக் காரணம். திருத்தணியின் நிலை வேறு. ஏறக்குறைய ஏப்ரல் இறுதி முதல் ஆகஸ்ட் மூன்றாம் வாரம் வரை, நண்பகல் சூரியன் இங்கு தலைக்கு வடக்கே அமைகிறது. இதன் விளைவுகள் பின்வருமாறு:

கிழக்கு: காலை வெயில் நான்கைந்து மணி நேரம் கிடைக்கும்; கடுமையான பிற்பகல் வெயில் படாது. பெரும்பாலான பூச்செடிகளுக்கு இதுவே சிறந்த திசை.

மேற்கு: நாளின் மிக வெப்பமான நேரத்தில் நேர் வெயில் படும். சுவரும் சூடேறி, சூரியன் மறைந்த பிறகும் வெப்பத்தை வெளிவிடும். வெயிலைத் தாங்கும் செடிகளை மட்டுமே இங்கு வைக்கலாம்.

தெற்கு: அக்டோபர் முதல் பிப்ரவரி வரை நல்ல வெயில் கிடைக்கும். டிசம்பரில் நண்பகல் சூரியன் அடிவானிலிருந்து ஏறக்குறைய 53 பாகை உயரத்தில் இருப்பதால், வெயில் சன்ஷேடின் கீழே நுழைந்து பெட்டியை எட்டும். கோடையின் நடுப்பகுதியில் இத்திசை நிழலாகும்.

வடக்கு: மே, சூன், சூலை மாதங்களில் காலையிலும் மாலையிலும் சாய்வான வெயில் படும். எஞ்சிய மாதங்களில் வெளிச்சம் மட்டுமே கிடைக்கும்.

சன்ஷேடின் அகலத்தையும் கணக்கில் கொள்ள வேண்டும். இரண்டு அடி அகலமுள்ள சன்ஷேடு உச்சி வெயிலைத் தடுக்கும். அதேபோல் மழையையும் தடுக்கும். எனவே மழை பெய்த நாளிலும் பெட்டிக்கு நீர் தேவையா என்று மண்ணைத் தொட்டுப் பார்க்க வேண்டும்.

மரத்தைத் தேர்ந்தெடுத்தல்

மரம் காங்கிரீட்டைவிடப் பல மடங்கு குறைவாகவே வெப்பத்தைக் கடத்தும். வெயிலில் வைத்த இரும்புத் தகட்டுப் பெட்டியிலும் கருநிற நெகிழித் தொட்டியிலும் ஓரத்து வேர்கள் வெந்து போவதுண்டு. ஒரு அங்குலத்தை நெருங்கும் தடிமனுள்ள மரப் பலகை இதைப் பெரிதும் தடுக்கிறது. வெப்ப நாடுகளில் மரப் பெட்டியின் முதன்மையான நன்மை இதுவே.

மரத்தை அழுகச் செய்வது பூஞ்சை ஆகும். மரத்தின் ஈரப்பதம் 20 விழுக்காட்டுக்குக் கீழே இருக்கும் வரை பூஞ்சை அதில் வளர்வதில்லை. இடையறாது ஈரமாக இருக்கும் மரமே அழுகும். நனைந்து விரைவில் உலரும் மரம் நெடுநாள் உழைக்கும். மரத்தின் நடுவில் உள்ள வைரப் பகுதி பூஞ்சையையும் கரையானையும் எதிர்க்கும் பொருள்களைக் கொண்டது. வெளிப்புறத்து வெளிர்நிறப் பகுதிக்கு அந்த ஆற்றல் இல்லை. எனவே எம்மரம் என்பதைப் போலவே, அம்மரத்தின் எப்பகுதி என்பதும் முக்கியமானது. வைரம் இல்லாத தேக்குப் பலகையும் கரையானுக்கு இரையாகும்.

தேக்கு: வெயில், மழை இரண்டையும் தாங்கும், எளிதில் வளையாது. விலை மிகுதி. பழைய வீடுகளை இடிக்கும்போது கிடைக்கும் கதவு, நிலை ஆகியவற்றின் பலகைகள் வைரம் பாய்ந்தவையாக இருப்பின் மிகப் பொருத்தமானவை. பழைய பெயிண்டில் ஈயம் கலந்திருக்கக்கூடும் என்பதால், அதைத் தூசி பறக்கத் தேய்க்கக் கூடாது.

வேங்கை: உறுதியும் நீடித்த உழைப்பும் உடையது. எடை சற்று கூடுதல்.

பலா: கரையானை ஓரளவு எதிர்க்கும். தச்சு வேலைக்கு எளிது.

வேம்பு: ஊர்ப்புறங்களில் எளிதில் கிடைக்கும். நன்கு உலராத பலகை வெயிலில் வளைந்தும் வெடித்தும் போகும்.

பனை: முதிர்ந்த பனையின் வெளிப்பகுதி மிக உறுதியானது. ஓட்டு வீடுகளின் கூரைகளில் பனங்கட்டைகள் பல்லாண்டுகள் உழைப்பது இதனாலேயே. உட்பகுதி மென்மையானது, அதை நீக்கிவிட வேண்டும்.

மாமரம்: விலை குறைவு, ஈரத்தில் விரைவில் அழுகும். நேரடியாக மண் நிரப்பும் பெட்டிக்கு ஏற்றதன்று.

ஒட்டுப் பலகை: வெளிப்புறப் பயன்பாட்டுக்குச் செய்யப்படாத வகைகள் மழையில் பிரிந்துவிடும்.

சரக்குப் பெட்டிகளிலும் சரக்கு அடுக்கும் மரத் தட்டுகளிலும் உள்ள பைன் மரத்தையும் பலர் பயன்படுத்துகின்றனர். பன்னாட்டுச் சரக்குப் போக்குவரத்தில் பயன்படும் இம்மரங்களில் எவ்வாறு பூச்சி நீக்கப்பட்டது என்பதைக் குறிக்கும் முத்திரை இருக்கும். எச்.டி என்பது வெப்பத்தால் பதப்படுத்தப்பட்டதையும், எம்.பி என்பது மெத்தில் புரோமைடு என்ற நச்சு வாயுவால் பதப்படுத்தப்பட்டதையும் குறிக்கும். எம்.பி முத்திரை உள்ளவற்றையும் முத்திரையே இல்லாதவற்றையும் தவிர்ப்பது நல்லது. பைன் மரம் கரையானை எதிர்க்காது என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும்.

மரத்தைப் பாதுகாத்தல்

குரோமியம், செம்பு, ஆர்சனிக் ஆகியவை கலந்த மரப் பாதுகாப்பு மருந்து முன்னர் உலகெங்கும் பரவலாகப் பயன்பட்டது. ஆர்சனிக் மண்ணில் கசியும் என்ற அச்சத்தால், அமெரிக்காவில் வீட்டுப் பயன்பாட்டு மரங்களுக்கு இம்மருந்தை இடுவது 2003ஆம் ஆண்டின் முடிவில் கைவிடப்பட்டது. துளசி போன்ற உண்ணத்தக்க செடிகளையும் வளர்க்கும் பெட்டிக்கு இத்தகைய மருந்திட்ட மரத்தைப் பயன்படுத்தக் கூடாது. பழைய இயந்திர எண்ணெயைப் பூசும் வழக்கமும் தவிர்க்கத்தக்கது. அதில் உள்ள உலோகத் துகள்களும் நச்சுப் பொருள்களும் மண்ணில் கலக்கும்.

ஆளிவிதை எண்ணெயை மெல்லியதாக இரண்டு மூன்று முறை பூசி உலர விடுவது பாதுகாப்பான முறை. எண்ணெய் நனைந்த துணியைச் சுருட்டி வைத்தால் அது தானாகவே தீப்பற்றக்கூடும். எனவே விரித்து உலர்த்திய பின்பே அப்புறப்படுத்த வேண்டும். முந்திரிக் கொட்டை ஓட்டிலிருந்து எடுக்கும் எண்ணெய் படகுகளைக் காக்கக் கடலோரப் பகுதிகளில் பூசப்பட்டு வந்துள்ளது. அது தோலைப் புண்ணாக்கும் என்பதால் கையுறை அணிந்தே பூச வேண்டும்.

இவற்றைவிடப் பயன் தரும் வழி, ஈர மண்ணை மரத்தில் படாமல் வைப்பது. செடிகளைத் தனித் தொட்டிகளில் நட்டு, அத்தொட்டிகளை மரப் பெட்டிக்குள் வரிசையாக வைக்கலாம். அல்லது துளையிட்ட நெகிழித் தட்டு ஒன்றைப் பெட்டிக்குள் இறக்கி அதில் கலவையை நிரப்பலாம். தட்டுக்கும் பலகைக்கும் இடையே ஒரு விரல் அகல இடைவெளி விட்டால் காற்று புகுந்து மரத்தை உலர்த்தும். வெயிலைத் தடுப்பது மரத்தின் வேலையாகவும், ஈரத்தைத் தாங்குவது தட்டின் வேலையாகவும் பிரிகிறது. இம்முறையில் மாமரம், பைன் போன்ற மலிவான மரங்களும் பல ஆண்டுகள் உழைக்கும். செடி பட்டுப் போனால் பெட்டியைக் கழற்றாமல் அத்தொட்டியை மட்டும் மாற்றலாம்.

அளவும் அமைப்பும்

நேரடியாக மண் நிரப்பும் பெட்டிக்கு உள்ளளவு 75 செ.மீ. நீளம், 20 செ.மீ. அகலம், 20 செ.மீ. ஆழம் என்பது வசதியான அளவு. தட்டு வைப்பதானால் பெட்டி எல்லாப் பக்கமும் சற்றுப் பெரியதாக இருக்க வேண்டும். குளிர் நாடுகளில் 15 செ.மீ. ஆழமே போதும் எனப்படுகிறது. இங்கு ஏன் போதாது என்பதைப் பின்வரும் கணக்கு காட்டும்.

மேற்கூறிய பெட்டியின் மேற்பரப்பு 0.15 சதுர மீட்டர். கோடையில் ஒரு நாளில் 8 மி.மீ. நீர் ஆவியாகிறது எனக் கொண்டால் 1.2 லிட்டர் நீர் வெளியேறும். சூடான சுவரும் காற்றும் இதை மேலும் கூட்டும். மேலே இரண்டரை செ.மீ. விட்டு நிரப்பினால் பெட்டி ஏறக்குறைய 26 லிட்டர் கலவை கொள்ளும். அதில் கால் பங்கு அளவுக்குச் செடி எடுத்துக்கொள்ளக்கூடிய நீர் இருப்பின், அது ஆறரை லிட்டர் ஆகும். வீட்டார் இரண்டு நாள் வெளியூர் சென்றாலும் செடி பிழைக்கும். ஆழம் பாதியானால் நீர் இருப்பும் பாதிக்கும் கீழாகக் குறையும். ஒரு நாள் மறந்தாலே செடி வாடும்.

பலகையின் தடிமன் 2 செ.மீ. குறையாமல் இருப்பது நல்லது. மூலைகளை ஆணியால் அடிப்பதைவிடத் துருப்பிடிக்காத திருகாணியால் இணைக்க வேண்டும். மரம் ஈரத்தில் விரிந்தும் வெயிலில் சுருங்கியும் வருவதால் ஆணி நாளடைவில் வெளியே தள்ளப்படும். அடிப்பலகையில் 15 செ.மீ. இடைவெளியில் ஒரு செ.மீ. விட்டமுள்ள துளைகள் இட வேண்டும். பெட்டியின் அடிப்புறம் எதன் மீதும் ஒட்டி அமராமல், இரண்டு சிறு கட்டைகளின் மீது நிற்க வேண்டும். சுவருக்கும் பெட்டிக்கும் இடையே இரண்டு மூன்று செ.மீ. இடைவெளி தேவை. இது காற்றோட்டத்துக்கு மட்டுமன்றி, கரையான் சுவரிலிருந்து மண்பாதை கட்டி வருவதைக் கண்டறியவும் உதவும்.

எடையும் பாதுகாப்பும்

மேற்கூறிய பெட்டியைத் தேக்கில் செய்தால் வெறும் பெட்டி ஏறக்குறைய 7 கிலோ இருக்கும். நீர் ஊறிய தென்னை நார்க் கலவை நிரப்பினால் மொத்த எடை ஏறக்குறைய 35 கிலோ ஆகும். தோட்ட மண்ணை நிரப்பி நீர் ஊற்றினால் 50 கிலோவைத் தாண்டும். அது ஒரு சிமெண்ட் மூட்டையின் எடை. முதல் மாடியிலிருந்து இது விழுந்தால் கீழே நிற்பவரின் உயிரைப் பறிக்கும். எனவே பூவைப் பற்றி எண்ணுவதற்கு முன் பெட்டி எதைப் பற்றி நிற்கிறது என்பதை உறுதி செய்ய வேண்டும்.

சன்னல் விளிம்பில் பெட்டியைச் சும்மா வைக்கக் கூடாது. துத்தநாகப் பூச்சுள்ள எல் வடிவ இரும்புத் தாங்கிகளைச் சுவரில் விரிவுத் திருகாணி கொண்டு பொருத்தி, அவற்றின் மீது பெட்டியை வைத்துத் திருகாணியால் இணைக்க வேண்டும். உதிரும் பூச்சுள்ள பழைய சுண்ணாம்புச் சுவர், உள்ளீடற்ற கல்லால் கட்டிய சுவர் ஆகியவை இந்த எடையைத் தாங்கும் என்று நம்ப முடியாது. வெளியே நீட்டிய பெட்டி போன்ற இரும்புக் கம்பிச் சட்டம் உள்ள வீடுகளில், அச்சட்டத்தின் உள்ளேயே பெட்டியை வைப்பது மிகப் பாதுகாப்பானது. எனினும் சட்டத்தின் பற்றவைப்புகள் துருப்பிடித்திருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும்.

வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் புயல் அறிவிப்பு வந்தால், மாடிச் சன்னல்களில் கழற்றக்கூடிய தொட்டிகளை உள்ளே எடுத்து வைக்க வேண்டும். 2016 டிசம்பர் 12 அன்று சென்னைக்கு அருகே கரையைக் கடந்த வர்தா புயல் பெருந்தொகையான மரங்களையே சாய்த்தது. சிங்கப்பூரில் அடுக்குமாடி வீடுகளின் விளிம்புகளில் பூந்தொட்டிகளை வைக்க வேண்டாம் என்று வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் குடியிருப்பாளர்களுக்கு அறிவுறுத்துகிறது. அங்கு செடிகள் பெரும்பாலும் பொது நடைபாதையின் உட்புறத்தில் வழிவிட்டு வைக்கப்படுகின்றன.

மண் கலவை

தோட்ட மண் மட்டும் நிரப்பினால் எடை கூடுவதுடன், நாளடைவில் அது இறுகி வேர்களுக்குக் காற்றுக் கிடைக்காமல் போகும். தென்னை நார்த்தூள் இரண்டு பங்கு, மட்கிய தொழு உரம் அல்லது மண்புழு உரம் ஒரு பங்கு, செம்மண் ஒரு பங்கு என்பது நல்ல கலவை. இதனுடன் ஒரு பெட்டிக்கு ஒரு கைப்பிடி வேப்பம் பிண்ணாக்குத் தூள் சேர்க்கலாம்.

நார்த்தூள் கட்டியாக அழுத்தப்பட்டு விற்கப்படுகிறது. 5 கிலோ கட்டி நீரில் ஊறினால் ஏறக்குறைய 60 முதல் 70 லிட்டர் அளவுக்கு விரியும். இதில் இயல்பாகவே உப்பு இருப்பதால், இரண்டு மூன்று முறை நல்ல நீரில் அலசிப் பிழிந்த பின்பே பயன்படுத்த வேண்டும். மட்காத நார்த்தூளில் நைட்ரசனைவிடக் கார்பன் மிக மிகுதி. அது மட்கும்போது மண்ணின் நைட்ரசனை ஈர்த்துக்கொள்வதால் செடி வெளுத்துப் போகும். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் பரிந்துரைக்கும் முறையில், சிப்பிக்காளான் பூஞ்சையும் யூரியாவும் இட்டு மட்கச் செய்யும்போது கார்பன்–நைட்ரசன் விகிதம் 112:1 என்பதிலிருந்து 24:1 ஆகக் குறைகிறது. அவ்வாறு மட்கிய தூள் கிடைத்தால் அதையே வாங்குவது நல்லது.

பெட்டியின் அடியில் சிறு ஜல்லி பரப்பினால் நீர் நன்கு வடியும் என்ற நம்பிக்கை பரவலாக உள்ளது. இது சரியன்று. நுண்ணிய கலவையில் உள்ள நீர், தன் நுண்துளைகள் முழுதும் நிரம்பும் வரை கீழே உள்ள பெரிய இடைவெளிகளுக்குள் இறங்குவதில்லை. ஆகவே ஜல்லியின் மேல் நீர் தேங்கிய அடுக்கு ஒன்று உருவாகிறது. அது வேருக்கு மேலும் நெருக்கமாக அமைகிறது. ஜல்லி இடுவதால் எடை கூடி ஆழம் குறைவதே மிச்சம். கலவை வெளியேறாமல் இருக்கத் துளைகளின் மீது வலைத்துணி அல்லது உடைந்த பானை ஓட்டுத் துண்டு வைத்தால் போதும்.

செடிகளைத் தேர்ந்தெடுத்தல்

ஐரோப்பியப் பெட்டிகளின் பெலர்கோனியம் உதகமண்டலம், கொடைக்கானல் போன்ற மலை ஊர்களில் நன்கு வளரும். சமவெளியின் கோடையைத் தாங்காது. பெட்டூனியா இங்கு நவம்பர் முதல் பிப்ரவரி வரை மட்டுமே பூக்கும். இப்பகுதிக்கு ஏற்றவை பின்வருவன:

பட்டு ரோஜா: பத்து மணிப்பூ என்றும் டேபிள் ரோஸ் என்றும் வழங்கும். சதைப்பற்றுள்ள இலை உடையது. மேற்குச் சன்னலுக்கு மிகப் பொருத்தமானது. தண்டை ஒடித்து நட்டாலே வளர்ந்து, சில வாரங்களில் பூக்கும். வெயில் இல்லாத இடத்தில் பூ விரியாது.

நித்தியகல்யாணி: வெயிலையும் வறட்சியையும் தாங்கி ஆண்டு முழுவதும் பூக்கும். செடி நச்சுத்தன்மை உடையது. குழந்தைகளும் ஆடுமாடுகளும் உண்ணாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

கனகாம்பரம்: கிழக்குச் சன்னலுக்கும் இளநிழலுக்கும் ஏற்றது. பறித்துத் தொடுப்பதற்கென வளர்க்கப்படுவது. டெல்லிக் கனகாம்பரம் என்ற வகை விதை தராது. தண்டு நட்டே பெருக்க வேண்டும்.

துலுக்கச் சாமந்தி: செண்டுமல்லி என்றும் வழங்கும். தெலுங்கு பேசுவோர் இதைப் பந்தி என்பர். விதைத்து ஏறக்குறைய இரண்டு மாதங்களில் பூக்கும். குட்டை வகையே பெட்டிக்கு ஏற்றது.

சாமந்தி: பகல் நேரம் குறையும் காலத்தில் மட்டுமே மொட்டு விடும். ஆனி, ஆடியில் நட்டால் கார்த்திகை முதல் தை வரை பூக்கும். குளிர்காலத்தில் வெயில் பெறும் தெற்குச் சன்னல் இதற்கு உகந்தது.

வாடாமல்லி, கோழிக்கொண்டை: விதையிலிருந்து எளிதில் வளரும், வெயிலைத் தாங்கும்.

காசித்தும்பை: மழைக்காலத்துக்கு ஏற்றது, காலை வெயில் போதும்.

துளசி, மரிக்கொழுந்து: பூவுக்காக அன்றி மணத்துக்காகவும் வழிபாட்டுக்காகவும் ஓரத்தில் நடலாம்.

மல்லிகை 20 செ.மீ. ஆழத்தில் சில காலம் வளரும். ஆனால் நிறையப் பூக்க அதற்குப் பெரிய தொட்டி தேவை. அந்திமந்தாரை கிழங்கு விட்டுப் பெட்டி முழுவதும் பரவிவிடும். நீர்த் தேவை வேறுபடும் செடிகளை ஒரே பெட்டியில் நடக் கூடாது. பட்டு ரோஜாவையும் காசித்தும்பையையும் சேர்த்து நட்டால் ஒன்று அழுகும் அல்லது மற்றொன்று வாடும்.

நடும் முறை

"ஆடிப்பட்டம் தேடி விதை" என்ற பழமொழி பெட்டிக்கும் பொருந்தும். ஆடியில் விதைத்த துலுக்கச் சாமந்தி, கோழிக்கொண்டை, வாடாமல்லி ஆகியவை பெருமழைக்கு முன் வேரூன்றிவிடும். கோடைக்கான பட்டு ரோஜாவைத் தை, மாசியில் நடலாம். சித்திரை, வைகாசியில் புதிய நாற்று நடுவதைத் தவிர்க்க வேண்டும்.

முதலில் கலவையை நனைத்துப் பிசைந்து, கையில் பிடித்தால் உருண்டையாகும் பதத்துக்குக் கொண்டுவர வேண்டும். உலர்ந்த நார்த்தூளை அப்படியே நிரப்பினால் ஊற்றும் நீர் ஓரமாக ஓடி வெளியேறிவிடும். மேல்விளிம்பிலிருந்து இரண்டரை செ.மீ. கீழே வரை நிரப்ப வேண்டும். 75 செ.மீ. பெட்டிக்கு நான்கு அல்லது ஐந்து நாற்றுகள் போதும். நாற்றுகளை மாலையில், முன்பிருந்த அதே ஆழத்தில் நட்டு, அடித்துளை வழியே நீர் வடியும் வரை ஊற்ற வேண்டும். முதல் ஐந்து நாட்கள் பழைய துணியால் நிழல் தர வேண்டும். மேற்பரப்பில் தேங்காய் நார் அல்லது உலர்ந்த இலைகளைப் பரப்பினால் நீர் ஆவியாவது குறையும்.

கனகாம்பரம் வேர் முடிச்சு நூற்புழுவால் எளிதில் தாக்கப்படும். துலுக்கச் சாமந்தியின் வேர் இப்புழுவைக் கட்டுப்படுத்தும் பொருளைச் சுரக்கிறது. எனவே ஒரு பருவம் துலுக்கச் சாமந்தி வளர்த்த கலவையில் அடுத்துக் கனகாம்பரம் நடுவது நல்ல முறை.

பராமரிப்பு

கோடையில் காலையில் நாள்தோறும் நீர் ஊற்ற வேண்டும். மேற்குச் சன்னலுக்கு மாலையிலும் தேவைப்படலாம். பிற காலங்களில் விரலை இரண்டு செ.மீ. ஆழம் விட்டுப் பார்த்து, உலர்ந்திருந்தால் மட்டும் ஊற்ற வேண்டும். உவர்நீர் உள்ள இடங்களில் கலவையின் மேல் வெண்ணிற உப்புப் படியும். மழைக்காலத்தில் பெட்டியைத் திறந்த வெளியில் வைத்து நனைய விட்டால் அது கழுவப்படும். இருபது நாட்களுக்கு ஒருமுறை சிறிது மண்புழு உரம் இடலாம். வாடிய பூக்களைக் கிள்ளி எடுத்தால் செடி விதை பிடிப்பதில் ஆற்றலைச் செலவிடாமல் தொடர்ந்து பூக்கும். நாள்தோறும் பூப் பறிக்கும் வீட்டில் இவ்வேலை தானாகவே நிகழ்கிறது.

பெட்டியின் கீழே தட்டு வைத்தால் அதில் நீர் தேங்க விடக் கூடாது. டெங்குக் காய்ச்சலைப் பரப்பும் ஏடிசு கொசு தேங்கிய தெளிந்த நீரில் ஏறக்குறைய ஒரு வாரம் முதல் பத்து நாட்களில் முட்டையிலிருந்து முழு வளர்ச்சி அடைகிறது. அதன் முட்டைகள் உலர்ந்த நிலையிலும் பல மாதங்கள் உயிருடன் இருக்கும். எனவே வாரம் ஒருமுறை தட்டைக் கொட்டுவது மட்டும் போதாது. அதன் ஓரங்களைத் தேய்த்துக் கழுவவும் வேண்டும்.

ஆண்டுக்கு ஒருமுறை, பங்குனியில் வெயில் கடுமையாவதற்கு முன், பெட்டியை வெறுமையாக்கி இரண்டு நாட்கள் வெயிலில் உலர்த்த வேண்டும். அடிப்பலகையைத் திருகாணி முனையால் குத்திப் பார்த்து, அது எளிதில் இறங்கினால் மரம் அழுகத் தொடங்கிவிட்டது எனக் கொள்ளலாம். அத்தகைய பலகையை மாற்றிய பின்பே மீண்டும் எண்ணெய் பூசிக் கலவை நிரப்ப வேண்டும். தாங்கிகளின் திருகாணிகளையும் அப்போதே இறுக்கிச் சரிபார்க்க வேண்டும்.